பின்சில்லைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள்

சைக்கிளில் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளின் உம்மா வாப்பாமாருக்கும், என்னைப் போல வகுப்பில் நிற்கும் ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயானது. அந்த விலைக்கும் பெற்றோல் கிடைக்கவில்லை. ஜூலைக் கடைசியில் பாடசாலைகள் திறந்தபோது வாரத்தில் மூன்று நாள்தான் வகுப்பு. அந்த நாட்களில்தான் கோடிப்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தன. டியூப் மாற்றினோம், பிறேக் கட்டை போட்டோம், ஓடினோம். புதுச் சைக்கிளின் விலையும் அப்போதுதான் ஏறியது. கூலி வேலை செய்யும் வீட்டுக்கு இன்றைக்கும் அது பெரிய காசு. அதனால் அன்றைக்கு வெளியே எடுத்த அதே பழைய சைக்கிள்களில்தான் நிறையப் பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள்.

காற்றுப் பார்க்கிறோம். பிறேக் பார்க்கிறோம். பெல்லைக்கூடப் பார்க்கிறோம். பின்சில்லின் நடுவில், ஹப்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. அது கண்ணுக்குத் தெரியாத இடம். அங்கே ஒரு கோளாறு வந்தால் சைக்கிள் நிற்காது, ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஓட்டுகிற பிள்ளைதான் களைக்கும்.

என் வகுப்பில் ஒரு மகன். தரம் 9. வயல்பக்கக் குடியிருப்பிலிருந்து வருகிறான், ஐந்து கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. அவனிடமும் அவனுடைய உம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம். இரண்டாம் தவணையில் வாரத்தில் மூன்று நாளாவது பிந்தித்தான் வருவான். வரும்போது சேட் முழுக்க வியர்வை. இரண்டாம் பாடம் தொடங்குவதற்குள் தலை மேசையில் சாய்ந்துவிடும்.

பிந்தி வரும் பிள்ளையைப் பற்றி எல்லாருக்கும் ஒரு முடிவு இருக்கும். இரவிரவாகப் போன் பார்க்கிறான் என்றார் ஒருவர். இந்த வயதில் சோம்பல் வரும் என்றார் இன்னொருவர். வீட்டில் உம்மா வேறு மாதிரிப் பயந்திருக்கிறார். பிள்ளைக்கு இரத்தம் குறைவு என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சோதித்திருக்கிறார். ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வாப்பாவின் யோசனை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. படிப்பு ஏறவில்லைபோல, மாமாவுடைய கடையில் நிற்கட்டும் என்று வீட்டில் பேச்சுத் தொடங்கிவிட்டது. சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது.

ஒரு நாள் பாடசாலை விட்டுப் போகும்போது அவனும் கூட்டாளிமாரும் எனக்கு முன்னால் போனார்கள். எங்களுடையது கரையோர ஊர். பாதையில் ஏற்றம் இறக்கம் கிடையாது. மற்றப் பிள்ளைகள் நாலு மிதி மிதிப்பதும், காலை நிறுத்திக் கதைத்துக்கொண்டு உருளுவதுமாகப் போனார்கள். இவன் மட்டும் மிதியை நிறுத்தவே இல்லை. நிறுத்திய ஓரிரு தடவையும் சைக்கிள் உடனே சோர்ந்து பின்தங்கியது. கச்சான் காலம். எதிர்க்காற்று என்று சொல்லிவிடலாம். ஆனால் பக்கத்தில் போன பிள்ளைக்கும் அதே காற்றுத்தானே.

மறுநாள் இடைவேளைக்குச் சைக்கிளைக் கொண்டுவரச் சொன்னேன்.

"அது பழசு சேர். அப்பிடித்தான் சேர் ஓடும்" என்றான்.

என்னுடைய வாப்பா சில காலம் வீட்டுத் திண்ணையில் சைக்கிள் திருத்தியவர். பக்கத்தில் உட்கார்ந்து கிறீஸ் டின் பிடித்த பழக்கம் எனக்கு உண்டு. பிறகு கல்வியியற் கல்லூரியில் விஞ்ஞானம் படித்தபோது, வாப்பா செய்ததும் பரிசோதனைதான் என்று விளங்கியது. ஒரு தடவைக்கு ஒரு விசயத்தை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், என்ன மாறுகிறது என்று பார். அந்த ஒழுங்கைத்தான் கீழே எழுதுகிறேன். இதில் முக்கால்வாசிக்கு எந்த ஆயுதமும் தேவையில்லை.

முதலில் காற்று. டயரைப் பெருவிரலால் அமத்திப் பாருங்கள். காற்றுக் குறைந்த டயர், ஸ்டாண்டில் தூக்கிச் சுற்றினால் நன்றாகச் சுற்றும், பாதையில் மட்டும் இழுக்கும். அதனால் இதை முதலே தீர்த்துவிட வேண்டும். அவனுடைய டயரில் காற்று இருந்தது.

அடுத்தது, ஸ்டாண்டில் விட்டுப் பின்சில்லைக் கையால் சுற்றுங்கள். முன்னோக்கித்தான் சுற்ற வேண்டும். பின்னோக்கிச் சுற்றினால் பிரீவீல் பிடித்துக்கொள்ளும், சங்கிலியும் மிதியும் சேர்ந்து சுற்றும், எந்த இடம் இறுக்கம் என்று பிரித்தறிய முடியாது. கை கம்பிக்குள் போகாமல் டயரின் மேல் தட்டிச் சுற்றுங்கள். பிறகு முன்சில்லைத் தூக்கி அதே அளவு தட்டுங்கள். முன்சில்லுத்தான் உங்களுடைய ஒப்பீடு. பின்சில்லில் பிரீவீலும் இருப்பதால் அது கொஞ்சம் முன்னதாக நிற்கலாம். வித்தியாசம் பெரிதாக இருந்தால்தான் கோளாறு. இவனுடைய முன்சில்லு சுற்றிக்கொண்டே இருந்தது. பின்சில்லு மூன்றாம் சுற்றைத் தாண்டவில்லை. நின்ற விதமும் ஒரு மாதிரி. மெதுவாகி நிற்கவில்லை, யாரோ பிடித்த மாதிரி நின்றது. சுற்றி நின்ற பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

இனிக் காதைக் கொடுங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் 'சர்க்' என்று கேட்டால் றிம் நெளிந்திருக்கிறது, அல்லது டயரில் ஓரிடம் வீங்கி எங்கேயோ முட்டுகிறது. விடாமல் ஒரே உரசலாகக் கேட்டால் பிறேக் கட்டை, மட்காட், அல்லது சில்லே சரிந்து பிரேமில் முட்டுவது. உரசல் சத்தம் இல்லாமல் உள்ளிருந்து மணல் அரைக்கிற மாதிரி வந்தால் அது ஹப். சந்தேகமாக இருந்தால் சில்லைச் சுற்றிக்கொண்டே மறுகையை சீட்டுக்குக் கீழே பிரேமில் வையுங்கள். ஹப்புக்குள் அரைபடுவது அந்தக் கையில் அதிர்வாகத் தெரியும்.

பிறேக் கட்டையை விலக்கி வைத்துவிட்டு மறுபடி சுற்றுங்கள். சுற்று கூடினால் குற்றவாளி அதுதான். கூடாவிட்டால் பிறேக்குக்குப் பிணை கொடுத்துவிடலாம். இவனுடைய சைக்கிளில் ஒன்றும் மாறவில்லை.

சில்லு சரிந்திருக்கிறதா என்று பார்க்க, பின்னால் குந்தியிருந்து டயருக்கும் இரண்டு பக்கப் பிரேமுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். வலப்பக்க நட்டு இளகியிருந்தால், ஏறி மிதிக்கும்போது சங்கிலி அந்தப் பக்க அக்சிலை முன்னுக்கு இழுத்துவிடும். அப்போது டயரின் முன்பகுதி இடப்பக்கப் பிரேமில் முட்டும். இது நம்முடைய ஊர்ச் சைக்கிள்களில் அடிக்கடி வரும் கோளாறு. நட்டை இளக்கி, சில்லை நடுவுக்கு எடுத்து, இரண்டு பக்கமும் இறுக்கினால் முடிந்தது.

அக்சிலின் இரண்டு பக்கத்தையும் உற்றுப் பாருங்கள். ஹப்புக்கும் பிரேமுக்கும் இடையிலுள்ள அந்தச் சின்ன இடுக்கில் நூல் சுற்றியிருக்கும். கரையோர ஊர் என்பதால் வலை நூல், தும்பு, சொப்பிங் பை எல்லாம் பாதையில் கிடக்கும். அபாயாவின் ஓரத்து நூலும் அங்கேதான் போய்ச் சேரும். பிரீவீலுக்குப் பின்னால் இறுகச் சுற்றிய ஒரு முழ நைலோன் நூல் போதும், நல்ல சில்லையும் பிடித்து நிறுத்த. அபாயா அணிந்து சைக்கிள் ஓடும் ராத்தாமார் பின்சில்லுக்குக் கம்பிவலைக் காப்புப் போடுவது இரண்டு விதத்தில் நல்லது. விழாமலும் இருக்கலாம், அக்சிலில் நூலும் சேராது.

அடுத்தது பிரீவீல். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது மிதி தானாகச் சுற்றுகிறதா? ஓடும்போது மிதியை நிறுத்தினால் மேல்பக்கச் சங்கிலி தொய்ந்து விழுகிறதா? அப்படியென்றால் பிரீவீலுக்குள் துருவும் மணலும் சேர்ந்து இறுகியிருக்கிறது. நல்ல பிரீவீல் சுற்றும்போது 'டிக் டிக்' என்று சீராகச் சத்தம் போடும். உள்ளேயிருக்கும் நாக்குகள் பற்களில் ஏறி விழும் சத்தம் அது. இவனுடைய பிரீவீல் சீராகத்தான் பேசியது. சங்கிலியையும் பாருங்கள். நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலமளவு மேலும் கீழும் ஆட வேண்டும். வீணைத் தந்தி மாதிரி இறுகியிருந்தால் அதுவும் பிள்ளையின் காலைத்தான் தின்னும்.

இவ்வளவும் சரியென்றால் மிச்சம் ஹப்தான். றிம்மைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் இருந்தால் கோன் இளகியிருக்கிறது, அல்லது தேய்ந்திருக்கிறது. சில்லைக் கால்வாசி திருப்பி மறுபடி அசையுங்கள். ஓரிடத்தில் ஆட்டமும் இன்னோரிடத்தில் இறுக்கமும் இருந்தால் அக்சில் வளைந்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

இவனுடையது அப்படித்தான் இருந்தது. காவலாளி காக்காவிடம் ஸ்பானர் வாங்கிச் சில்லைக் கழற்றினோம். அக்சிலின் நுனியை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பச் சொன்னேன். நல்ல ஹப் என்றால் வெண்ணெய்க்குள் திருப்பிய மாதிரி இருக்கும். இது கொஞ்சம் போய்ப் பிடித்தது, பிறகு விட்டது, மறுபடி பிடித்தது. திருப்பத் திருப்ப மற்ற நுனி வட்டம் போட்டு ஆடியது.

"சேர், இது கோணலா இரிக்கி" என்றான். கோளாறைக் கண்டுபிடித்தது அவன்தான்.

பாடசாலை விட்டதும் சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக் காக்கா கோனைக் கழற்றியதும் கிறீஸ் வரவில்லை. செங்கல் பொடியைத் தண்ணீரில் குழைத்த மாதிரி ஒரு சேறு வந்தது. பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 போல்ஸ் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் கால் அங்குலம். வலப்பக்கத்தில் 7தான் முழுசாக இருந்தன. மற்றது உடைந்து தூளாகிவிட்டது. அந்தத் தூள்தான் உள்ளே அரைபட்டிருக்கிறது. கோனில் போல்ஸ் ஓடும் தடம் பளபளப்பாக இருக்க வேண்டும். அது அம்மி கொத்தியது போல் குழி குழியாக இருந்தது. அக்சிலைக் கண்ணாடியில் வைத்து உருட்டிக் காட்டினார். நொண்டி நொண்டிப் போனது.

தரம் 10 விஞ்ஞானத்தில் உராய்வு என்றொரு அலகு இருக்கிறது. உருளும் உராய்வு வழுக்கும் உராய்வைவிடக் குறைவு என்று எழுதிப்போட்டுப் படிப்பிக்கிறோம். அந்த ஒரு வரியின் உயிர் இந்தப் போல்ஸில் இருக்கிறது. அவை உருளும்வரை பிள்ளையின் பலம் பாதைக்குப் போகும். உருளாமல் தேய்க்கத் தொடங்கினால் அதில் ஒரு பங்கு ஹப்புக்குள்ளேயே சூடாகிப் போய்விடும்.

ஏன் வலப்பக்கம்? இதைக் கேட்டதும் அவன்தான். வலப்பக்கத்தில் பிரீவீலுக்கு இடம் விட வேண்டும். அதனால் அந்தப் பக்கக் கோனும் போல்ஸும் பிரேமிலிருந்து தள்ளி உள்ளே இருக்கின்றன. கோனிலிருந்து பிரேம்வரை அக்சில் தாங்கலில்லாமல் நீண்டு நிற்கிறது. இடப்பக்கத்தில் அந்த நீளம் குறைவு. பின் அக்சிலின் தடிப்பு 3/8 அங்குலம், அதாவது ஒன்பதரை மில்லிமீற்றர் அளவு. ஓட்டுகிறவரின் பாரத்தில் கூடிய பங்கும், கரியரில் ஏற்றும் பாரமும் அந்தக் கம்பியில்தான் நிற்கின்றன. அதனால் வளைந்தாலும் உடைந்தாலும் பெரும்பாலும் வலப்பக்கத்தில்தான். வளைந்த அக்சிலில் கோன் நேராக உட்காராது. ஒரு பக்கம் போல்ஸை நெரிக்கும், மறுபக்கம் விடும்.

"மகன், கரியர்ல என்னத்த ஏத்துற?" என்று காக்கா கேட்டார்.

அவன் சொல்லத் தொடங்கினான். சனிக்கிழமையில் மில்லுக்கு நெல்மூட்டை. காஸ் முடிந்தால் சிலிண்டர். ஒவ்வொரு நாள் காலையிலும் தங்கச்சி, அவளை முதலில் அவளுடைய பாடசாலையில் இறக்க வேண்டும். போன மாரியில் வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது சைக்கிள் இரண்டு நாள் தண்ணீரில் நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு ஹப்பை யாரும் திறக்கவில்லை. பாரம் அக்சிலை வளைத்தது, தண்ணீர் கிறீஸைக் கழுவியது. இரண்டுக்கும் பிறகு அந்தப் பிள்ளை மாதக்கணக்காக, முதுகில் புத்தகப் பையும் பின்னால் தங்கச்சியுமாக, அந்தச் சில்லை மிதித்துக்கொண்டு வந்திருக்கிறது.

நல்ல காலம், ஹப்பின் கிண்ணத்தில் குழி விழவில்லை. விழுந்திருந்தால் ஹப்பையே மாற்றி, கம்பியெல்லாம் புதிதாகக் கோத்திருக்க வேண்டும். அக்சில், இரண்டு கோன், 18 போல்ஸ், கிறீஸ். இவ்வளவுதான் மாற்றியது. செலவு ஒரு டயரின் விலைக்குக்கூட வரவில்லை. கூலிக்குக் காக்கா காசு வாங்கவில்லை. "இவன்ட மூத்தப்பாவும் இந்தக் கடைக்குத்தான் வாற" என்று மட்டும் சொன்னார்.

கோனை இறுக்கும் விதத்தையும் அவனுக்குக் காட்டினார். விரலால் முட்டும்வரை திருகி, பிறகு இம்மியளவு பின்னுக்கு எடுத்து, கோன் அசையாமல் பிடித்துக்கொண்டு லொக் நட்டை இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் லொக் நட்டை இறுக்கும்போது கோன் நகர்ந்துவிடும். ஆட்டமும் இருக்கக்கூடாது, இறுக்கமும் இருக்கக்கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் மிகச் சிறியது. ஆட்டம் போக வேண்டும் என்று பலமாக முறுக்கிவிடுவதுதான் நிறையப் பேர் செய்வது. முறுக்கிய அன்று சில்லு ஆடாமல் நிற்கும். ஆறு மாதத்தில் போல்ஸ் கோனில் குழி தோண்டிவிடும்.

சரியாக வந்ததா என்று பார்க்க அவர் ஒரு வழி வைத்திருக்கிறார். சங்கிலியைப் பூட்டாமல் சில்லை மட்டும் சைக்கிளில் மாட்டி, வால்வ் இருக்கும் இடத்தைப் பக்கவாட்டில் நிறுத்திக் கையை எடுத்துவிடுவார். வால்வின் அந்தச் சின்னப் பாரத்துக்கே சில்லு தானாகத் திரும்பி, வால்வ் கீழே வந்து, ஊஞ்சல் மாதிரி இரண்டு பக்கமும் ஆடி, பிறகு நிற்க வேண்டும். அன்றைக்கு அது ஆடி முடியும்வரை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சில சைக்கிளில் சில்லு கையில் நன்றாகச் சுற்றும், பூட்டினால் இறுகும். அப்படியென்றால் லொக் நட் சரியாக இறுகவில்லை, வெளி நட்டை இறுக்கும்போது கோனும் சேர்ந்து உள்ளே போகிறது. அல்லது அக்சில் உட்காரும் பிரேமின் இரண்டு வெட்டும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. அந்தக் கோணலுக்கு எத்தனை அக்சில் போட்டாலும் வளைந்துகொண்டே இருக்கும். பிரேமை நேராக்கச் சொல்லிக் கேளுங்கள். வெறுமனே ஓடினால் நல்லது, ஆள் ஏறினால் மட்டும் உரசுகிறது என்றால், கரியரில் ஒருவரை இருத்திவிட்டுப் பாருங்கள். மட்காட் கம்பி வளைந்து டயரில் படிவது அப்போதுதான் தெரியும்.

மறுநாள் காலைக் கூட்டத்துக்கு முன்பே அவன் வந்திருந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான். தவணை முடியும்வரை பிந்தியது இரண்டு நாள், இரண்டும் மழை நாள். இரண்டாம் பாடத்தில் முழித்துக்கொண்டிருக்கிறான். முழித்திருப்பவன் கேள்வி கேட்கிறான், சில கேள்விக்கு நான் வீட்டில் புத்தகம் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. அவனுடைய உம்மா பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது சொன்னார், "சேர், வாப்பாவும் நானும் ஒரு கிழமையா அத ஓட்டிப் பாக்கவே இல்ல. புள்ள ஒண்டும் சொல்லயும் இல்ல." கடையில் நிறுத்தும் பேச்சு வீட்டில் இப்போது இல்லை.

பிள்ளை ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்பதைத்தான் நான் நிறைய யோசித்தேன். இறுக்கம் ஒரே நாளில் வரவில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும்போது, சைக்கிள் பாரமாகிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. தனக்குத்தான் பலம் குறைகிறது என்று நினைத்துக்கொள்ளும். பெரியவர்களும் அதையே சொல்லும்போது நம்பியும் விடும். வரவு இடாப்பில் பிந்தியது என்று எழுதலாம், என்ன மிதித்துக்கொண்டு வந்தது என்று எழுத ஒரு நிரல் இல்லை. ஆகவே ஆசிரியர்மாரிடம் ஒரு வேண்டுகோள். தொடர்ந்து பிந்தி வரும் பிள்ளை எதில் வருகிறது என்று ஒரு தடவை வெளியே போய்ப் பாருங்கள். பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மாரி முடிந்ததும் வருடத்துக்கு ஒரு தடவை ஹப்பைத் திறந்து, மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிறீஸ் வைக்கச் சொல்லுங்கள். வெள்ளத்தில் நின்ற சைக்கிள் என்றால் வருடம் பார்க்க வேண்டாம், அந்தக் கிழமையே திறக்க வேண்டும். தேங்காயெண்ணெய் விடாதீர்கள். நாள்பட அது பிசினாகி மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். போல்ஸ் மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். பழையதோடு புதியதைக் கலந்தால் புதியது மட்டுமே பாரம் சுமக்கும். சில்லைக் கழற்றி மாட்டிய பிறகு, பிள்ளை ஏறுவதற்கு முன், இரண்டு நட்டும் இறுகியிருக்கிறதா, பிறேக் பிடிக்கிறதா என்று நீங்களே ஒரு தடவை பாருங்கள்.

கடைக்குப் போனால் "சைக்கிள் பாரமா இரிக்கி" என்று மட்டும் சொல்லாதீர்கள். காற்றுச் சரி, பிறேக் உரசவில்லை, பிரீவீல் நல்லது, ஹப் ஓரிடத்தில் பிடிக்கிறது என்று சொல்லுங்கள். தேவையில்லாத சாமானுக்குக் காசு போகாது, வேலை செய்பவருக்கும் நேரம் மிச்சம்.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய் வந்து, சாப்பாட்டுக்கு முன் ஒரு ஐந்து நிமிடம் இருக்கும்தானே. பிள்ளையையும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, பின்சில்லைத் தூக்கி, முன்னோக்கி ஒரு தட்டுத் தட்டுங்கள். எத்தனை சுற்றுச் சுற்றியது என்று கீழே எழுதுங்கள். மூன்றுக்குக் குறைவென்றால் எந்த இடத்தில் பிடிக்கிறது என்றும் சேர்த்து எழுதுங்கள், இன்ஷா அல்லாஹ் சேர்ந்து பார்ப்போம்.